வெள்ளைத் தட்டின் ஓரத்தில் கருப்பு

மார்ச் 4, புதன்

வெள்ளச்சி, நான் ஜீனை எடுத்த பூஞ்சை, இன்றும் வெள்ளையாகவே இருக்கிறாள். அவள் வளரும் ஆய்வகத் தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தேன். பக்கத்துத் தட்டில் அசல் பூஞ்சை, நான் கை வைக்காதது, அடுப்புக்கரி மாதிரி கருத்துப் படர்ந்திருக்கிறது. நெல்லுக்குக் குலைநோய் கொண்டுவரும் அதே பூஞ்சை. இரண்டுக்கும் ஒரே ஒரு ஜீன்தான் வித்தியாசம். அந்த ஒன்றை எடுத்ததற்கே இவள் இப்படி வெளுத்துப்போனாள்.

வீட்டில் அவரும் அவர் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பை கூட வைக்காமல் சொன்னேன். அத்தை, "புள்ள பெத்தவ கூட இப்படிப் பூரிக்கமாட்டா. கைய கழுவிட்டு வா. பூஞ்சக் கையோட பாத்திரத்தத் தொடாத" என்றார்.

அவருக்கு விளக்கினேன். அவரும் எங்கள் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில்தான், மாடியில், பயிர்மருந்துப் பிரிவில். மருந்து தெரியும், பூஞ்சையின் உள்விவகாரம் அவ்வளவாகத் தெரியாது. வித்து இலைமேல் உட்கார்ந்து ஒரு குமிழ் கட்டும், குமிழுக்கு மெலனின் என்ற கருப்புச் சுவர், உள்ளே அழுத்தம் ஏறி ஏறி அந்த வேகத்தில்தான் இலையைக் குத்தித் துளைக்கும் என்றேன். "கருப்பு இல்லன்னா?" என்று கேட்டார். "கேஸ்கட் இல்லாத குக்கர்ங்க. அடுப்புல எவ்ளோ நேரம் வச்சாலும் விசில் வராது."

அத்தை கொல்லென்று சிரித்துவிட்டார். அவரும்தான். எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மார்ச் 9, திங்கள்

நாற்றுகளில் ஒரு புள்ளி கூட இல்லை! வெள்ளச்சியைத் தெளித்த தொட்டிகள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. கருப்பைத் தெளித்த தொட்டிகளில் கண் கண்ணாகப் புண்.

நிறத்துக்கான ஜீன்களை வேறு பலர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் எனக்கு ஒன்றும் பங்கில்லை. அவர்கள் கண்டது பல்புகள். நான் பிடித்திருப்பது எல்லாப் பல்புகளையும் ஏற்றி அணைக்கும் சுவிட்ச். இதுவரை யாரும் தொடாத ஒன்று. (நிஜமாகவா? நிஜமாகத்தான். இன்னொரு முறை எல்லாக் கட்டுரைகளையும் தேடிவிட்டேன்.)

துறைத் தலைவர் சார் தலையாட்டிவிட்டு, "எடுத்த ஜீனை மறுபடி உள்ளே வை. கருப்பு திரும்பி வரட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். நியாயம்தான். எடுத்ததும் வெளுத்தது என்றால் பாதிதான். வைத்ததும் கருத்தது என்றால்தான் முழுசு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரிடம் சொன்னதைத் தவிர. அவரிடம் சொல்வது சொல்வதில் சேர்த்தியா?

மார்ச் 13, வெள்ளி

இன்குபேட்டரைத் துடைத்து அடுக்கினேன். சோம்பேறியைத் தூக்கிப் போடலாமா என்று யோசித்து, மனசு வராமல் மேல் அடுக்கிலேயே வைத்தேன். இதுவும் வெள்ளைதான், ஆனால் நான் வெளுக்கவைத்தது இல்லை. ஃப்ரீசரில் காகிதத்தில் உலர்த்தி வைத்திருக்கும் மூலத்திலிருந்துதான் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கவேண்டும். நான் சோம்பல்பட்டு, தட்டிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து தட்டுக்கு என்று மாற்றிக்கொண்டே இருந்ததில் ஒன்று தானாகவே வெளுத்துவிட்டது. அதனால் அதற்கும் எனக்கும் சேர்த்து அந்தப் பெயர். பக்கத்தில் வைத்து ஒப்பிட உதவும்.

தட்டுகளின்மேல் என் குறியெழுத்து மட்டும்தான். வேறு யார் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான்.

என் வண்டி மக்கர். அவர் கீழே வந்து என் அறையில் காத்திருந்தார். எனக்கு கிரீன்ஹவுஸில் தண்ணீர் விடும் வேலை முடிய நேரமாகிவிட்டது. பாவம், ஒரு முணுமுணுப்புக் கூட இல்லை.

மார்ச் 19, வியாழன்

மருந்துக் கம்பெனிக் கூட்டத்துக்கு அவர் வெளியூர் போயிருக்கிறார். நீலச் சட்டையை நானே இஸ்திரி போட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

படிக்கட்டில் தலைவர் சார் எதிரே வந்தார். "உன் வீட்டுக்காரர் பேச்சு பிரமாதமாம். கம்பெனிக்காரங்க எழுந்து நின்னு கை தட்டினாங்களாம். புதுப் பிரிவு அவருக்குத்தான்னு பேசிக்கறாங்க" என்றார். எனக்கும் பல்லெல்லாம் தெரிந்தது. அப்புறம் அவரே, "அந்தக் குக்கர் உதாரணம் எங்கிருந்துதான் பிடிச்சாரோ!" என்றார்.



குக்கரா சார் என்றேன். ஆமாம், கேஸ்கட் இல்லாத குக்கர், விசில் வராது, சிரிப்பு அடங்க நேரமாச்சாம். அவர் முடிக்கும் முன்னே சொன்னேன், "சார், அது என் ஜீன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் கலந்து பண்ணதுன்னு சொன்னாரே" என்றார். என்னிடம் மூச்சு விடாதே என்றவர்தான் இவர். தெரிந்துதான் இருந்திருக்கிறது. கலந்து பண்ணியதாம். கலந்தது சாம்பார்த்தூளா?

அதே நாள், சாயங்காலம்

அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

"என் ஜீனை நீங்க பேசினீங்களா?"

அவர் தண்ணீர் குடித்து முடித்தார். "நம்ம வேலைதானேம்மா. எனக்குக் கிடைச்சா உனக்குக் கிடைச்ச மாதிரி இல்லையா?"

"என் பேரு எங்கயாவது இருந்துச்சா?"

"கடைசியில நன்றின்னு போட்டிருக்கேன்."

நன்றி! ஊர் பேர் தெரியாதவன் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் விட்டாலும் நன்றிதான் சொல்கிறோம்.

"தட்டு ஏது?"

"அன்னிக்கு உன் ரூம்ல வெயிட் பண்ணப்போ எடுத்தேன். கொஞ்சம் வெட்டிக்கிட்டேன், அவ்வளவுதான். குறைஞ்சா போச்சு? பூஞ்சதானே, வளரும்." பிறகு குரலை இறக்கி, ரொம்ப அன்பாக — அந்த அன்புதான் என்னால் தாங்க முடியவில்லை — "நீ போய்ச் சொல்லியிருந்தா எவன் கேட்டிருப்பான்? நீ மேடையில ஏறினாலே வார்த்தை வராது. நான் சொன்னதாலதான் கை தட்டினான்."

வார்த்தை வராதுதான். அது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லி அழுதவளும் நான்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன் — ஜீன், சுவிட்ச், குக்கர், என் பயம், எல்லாம். என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறான். இங்கே 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

மார்ச் 25, புதன்

சாப்பிடவில்லை. அத்தை என் தட்டை மூடிவைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்ப் படுத்தார். கேட்கவில்லை என்றால் தெரியும் என்றுதானே அர்த்தம்?

மார்ச் 27, வெள்ளி

கூட்டத்துப் படங்களை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நீலச் சட்டையில், கையை விரித்துக்கொண்டு, பின்னால் திரை முழுக்க என் வெள்ளைத் தட்டு. பார்க்கக்கூடாது என்று மூடினேன். திறந்தேன். பெரிதாக்கினேன்.

தட்டின் ஓரத்தில், கீழே வலப்பக்கம், ஒரு கருப்புக் கீற்று. நகம் அளவுக்குத்தான்.

முதலில் அழுக்கு என்று நினைத்தேன். அப்புறம் எழுந்து நின்றுவிட்டேன். வெள்ளச்சிக்குக் கருப்பு வரவே வராது. ஜீனையே எடுத்தாயிற்று, இல்லாத சுவிட்சை யார் போடுவார்கள்? தானாக வெளுத்தது மட்டும்தான், மனசு மாறினால், தானாகக் கருக்கும். இவன் மேல் அடுக்கிலிருந்து எடுத்தது சோம்பேறியை!

சிரித்தேன். கிரீன்ஹவுஸ் அக்கா எட்டிப்பார்த்து, "என்னாச்சு, லாட்டரியா?" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. திரை முழுக்கக் காட்டியிருக்கிறான், தன் குட்டைத் தானே.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஒருநாள் யாராவது கேட்பார்கள், இது என்ன ஓரத்தில் கருப்பு என்று. அன்றைக்கு நிற்கட்டும் நீலச் சட்டையோடு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஏப்ரல் 2, வியாழன்

நான் நினைத்தபடி எது நடந்தது, இது நடக்க.

ஒரு வயல்காரர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மாடிக்கு வழி கேட்டார். மடியில் ஒரு பை, பையில் எங்கள் கண்ணாடிப் புட்டிகள், உள்ளே வெள்ளையாக அடர்ந்து வளர்ந்த பூஞ்சை. இன்னும் வேண்டுமாம். "சார் சொன்னாரும்மா. இது நோய் தராதாம், நாத்துக்கு முன்னாடியே தெளிச்சுட்டா பின்னாடி நெஜ நோய் வந்தாக்கூட பயிர் உஷாரா இருக்குமாம். தடுப்பூசி மாதிரி. நான் மொத்த நாத்தங்காலையும் குடுத்துட்டேன். பக்கத்து வயக்காரங்களும் கேக்கறாங்க."

யோசனை என் வீட்டுக்காரருடையது. நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால் நல்ல யோசனையும்கூட. வெள்ளச்சியாக இருந்தால்.

புட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கழுத்துப் பக்கம் சாம்பல் நிறம் தட்டியிருந்தது. "எப்ப தெளிக்கப்போறீங்க?" என்று கேட்டேன். "இன்னும் நாள் சொல்லல. சார் சொன்னா மறுநாளே." அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க அவங்க வீட்டம்மாவா? குடுத்து வச்சவங்க" என்றார்.

அவன் விழட்டும், விழட்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் ஓதிக்கொண்டிருந்தேனே. விழுவது இந்த ஆளின் பயிர்மேல் என்று தோன்றவேயில்லை எனக்கு.

ஏப்ரல் 3, வெள்ளி

சொல்லிவிட்டேன். அவரிடம்தான், வீட்டில். கீற்றைப் பற்றி, சோம்பேறியைப் பற்றி, புட்டியின் சாம்பல் நிறத்தைப் பற்றி. தெளிக்காதீங்க, கருப்பாயிடும், மொத்த நாற்றும் போயிடும் என்றேன்.

அவர் பேப்பரை மடித்துவைத்தார். "இவ்வளவு கீழ இறங்குவேன்னு நான் நெனைக்கல."

"என்னது?"

"எனக்கு வரப்போறது உனக்குப் பொறுக்கல. அதுக்காகக் கதை கட்டாத. நான் இலையில போட்டுப் பாத்துட்டேன், ஒரு புள்ளி வரல."

வராதுதான், வெள்ளையாக இருக்கும் வரைக்கும். அதைத்தானே சொல்கிறேன்!  அவர் சொன்ன மாதிரியே வார்த்தை வரவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

தலைவர் சார் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். இந்த மரியாதையெல்லாம் எனக்கு நடந்ததே இல்லை, அப்போதே உஷாராகியிருக்கவேண்டும்.

"கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோ. வீட்ல அவர் ரொம்பக் கவலைப்படறார். உனக்கு மனசு சரியில்ல, தூக்கமில்ல, இல்லாததெல்லாம் இருக்கற மாதிரி தோணுதுன்னு சொன்னார்."

இல்லாதது எல்லாம் இருக்கிற மாதிரி.

தட்டை எடுத்தான், சரி. பேரை எடுத்தான், சரி. நான் என்ன சொன்னாலும் இனி யாரும் நம்பாதபடி, என் வாயையும் எடுத்துவிட்டான். அதுவும் கவலைப்படுகிற முகத்தோடு. எத்தனை வருஷம் அந்த முகத்தைப் பார்த்து, பாவம் நமக்காகத்தான் கவலைப்படறார் என்று உருகியிருக்கிறேன்!

டீயைக் குடித்துவிட்டு, "லீவு வேண்டாம் சார். ஒரு வாரம் தெளிக்காம மட்டும் நிறுத்தி வைங்க" என்றேன். பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லாததே பெரிசு.

ஏப்ரல் 8, புதன்

பேசி ஜெயிக்க முடியாது. இலை பேசட்டும்.

கிரீன்ஹவுஸ் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. வயல்காரர் கொண்டுபோகாமல் விட்ட புட்டி ஒன்று மாடியில் இருக்கிறது, அது வேண்டும் என்றேன். அக்கா, "கேட்டு வாங்கலாமா, கேக்காம வாங்கலாமா?" என்றாள். கேட்டே வாங்குங்க என்றேன். நானும் திருடினால் அப்புறம் என்ன இருக்கிறது. மாடியில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை அவர்களுக்குத் தங்கள் பூஞ்சைமேல். வித்துகளைக் கழுவியெடுத்து, நாற்றுகளில் தெளித்து, மூடி போட்டோம்.

ஏப்ரல் 11, சனி

ஒன்றும் இல்லை. எல்லா இலையும் சுத்தம். ஒருவேளை எனக்குத்தான் —

இல்லை. பொறு.

ஏப்ரல் 14, செவ்வாய்

அக்காதான் முதலில் பார்த்தாள். "இங்க வா, இங்க வா" என்று ஒரே கத்தல்.

புள்ளிகள். எல்லா நாற்றிலும் இல்லை. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நடுவில் சாம்பல் நிறமும் விளிம்பில் பழுப்பும் வைத்து, இரண்டு முனையும் கூர்ந்த கண்கள். ஒரு புண்ணைச் சுரண்டித் தட்டில் வைத்தோம், இன்னும் சில நாளில் கருத்துக் காட்டும். அதற்குக் காத்திருக்கவேண்டிய அவசியமே இல்லை.

சந்தோஷப்படவேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் சொன்னது பொய்யாக இருந்திருந்தால், எனக்கு உண்மையிலேயே மனசு சரியில்லாமல் இருந்திருந்தால், அவர் கவலைப்பட்டது நிஜமாகியிருக்கும். அந்த ஒன்று பாக்கி இருந்தது போல. அதுவும் போயிற்று.

ஏப்ரல் 16, வியாழன்

தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்த் தலைவர் சார் மேஜைமேல் வைத்தேன். மாடியிலிருந்து என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டனுப்பினார்கள். இலையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. அந்த வெளிறலைப் பார்க்க ஆசைப்பட்டவள்தான் நான். பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை.

சார் பூசி மெழுகினார். தெளிப்பதை நிறுத்திவிடலாம், புட்டிகளைத் திருப்பி வாங்கிக் கொளுத்திவிடலாம், வயல்காரர்களிடம் மழை வரப்போகிறது என்று சொல்லிவிடலாம். விஷயம் வெளியே போகக்கூடாது, நிறுவனத்துக்குக் கெட்ட பேர். புதுப் பிரிவுக்கு உத்தரவு போட்டாயிற்று, அதை இனி மாற்ற முடியாது. "கட்டுரையை ரெண்டு பேரும் சேர்ந்து போடுங்க. புருஷன் பெண்டாட்டிதானே."

இந்த முறை வார்த்தை வந்தது. எங்கிருந்து வந்ததோ. "கருப்பு திரும்பி வந்ததும் என் பேர்ல மட்டும் அனுப்புவேன் சார். முடியாதுன்னா இந்தத் தொட்டி அந்த வயல்காரர் வீட்டுத் திண்ணைல போய் உக்காரும்." சார் டீ சொல்லவில்லை இந்த முறை. சரி என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் அவர் சமையலறைக்கு வந்தார். கதவை அவரே சாத்தினார். மன்னிப்பு கேட்கப்போகிறார் என்று — எழுதவே வெட்கமாக இருக்கிறது — நம்பிவிட்டேன். என்ன சொல்லலாம், உடனே சரி என்று சொல்லிவிடக்கூடாது என்றெல்லாம் ஓடியது.

அவர் கையை நீட்டி, "சரி, நெஜ வெள்ளச்சி எது? அதக் குடு. இன்னும் நேரமிருக்கு" என்றார்.

ஏப்ரல் 17, வெள்ளி

வீடு பார்க்கப் போனேன்.

மே 28, வியாழன்

கருத்துவிட்டாள். ஜீனை உள்ளே வைத்து, இதோடு எத்தனையாவது முயற்சியோ. காலையில் தட்டைத் திறந்தால் நடுவிலிருந்து கருப்பு விரிந்துகொண்டிருக்கிறது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். பெயரைத் தேடி விரல் பாதிதூரம் போனபிறகுதான் நினைவு வந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு, அடுத்த தட்டைத் திறந்தேன். அதுவும் கருப்பு.

ஜூன் 7, ஞாயிறு

அத்தை வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எளச்சுட்ட."

"இல்ல அத்தை."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. "கூட்டத்துக்குப் போறதுக்கு மொத நாள் முன் ரூம்ல நின்னு என்கிட்டதான் ஒரு தடவ பேசிப் பாத்தான். நீ சொன்ன குக்கர் கதை வந்துச்சு. சிரிச்சேன். உன் பேரையும் அங்க போய்ச் சொல்லுவான்னு நெனச்சுட்டேன். சொல்லலன்னு தெரிஞ்சப்புறமும் வாயத் தொறக்கல. பெத்த புள்ளன்னு இருந்துட்டேன்."

 பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது பொய்.

"அவன் நல்லா சாப்பிடறான். நல்லா தூங்கறான். ஆபீஸ் கார் வருது. அதான் எனக்கு ஆகல" என்றார். கண் கலங்கவில்லை, கோபமாகத்தான் சொன்னார். "ஒரு நாளாவது சோத்தப் பாதியில வச்சுட்டு எழுந்திருப்பான்னு பாத்தேன்."

அப்புறம் நாற்காலியை என் பக்கம் திருப்பிப்போட்டுக்கொண்டு, "நீ என்ன பண்ணன்னு எனக்கு மொதல்லேந்து சொல்லு. அவன் சொல்லிக் கேக்க இஷ்டமில்ல" என்றார்.

சொன்னேன். வித்து இலையில் உட்காருவதிலிருந்து, கருப்புச் சுவரிலிருந்து, எடுத்தது, வெளுத்தது, வைத்தது, கருத்தது வரை. அத்தை நடுநடுவே "எரு அதிகமாப் போட்டா?" "மழையில அடிச்சுக்கிட்டுப் போகாதா?" என்று கேட்டார். நல்ல கேள்விகள். வாய்விட்டுப் பேசி எத்தனை நாளாயிற்று. சாயங்கால வெயில் அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது, நான் இன்னும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன்.

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டே, "சரி, கண்டுபிடிச்சவங்கதானே அதுக்குப் பேர் வைக்கணும்? என்ன பேர் வச்ச?" என்று கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார். என் வாயிலிருந்து முதலில் கேட்கவேண்டும் என்று.

"இன்னும் வைக்கல அத்தை" என்றேன்.

வைத்தாயிற்று. கருத்த அன்றைக்கே வைத்துவிட்டேன். அழகான பெயர், சின்னது. இங்கேயும் எழுதப்போவதில்லை.